கேளம்பாக்கத்துச் சேறு

எட்மண்டைக் கட்டிக்கொள்ள நான் சம்மதித்ததற்கு ஒரே ஒரு காரணம்தான். அவர் ஏரி சுற்றில் இரண்டு வருடம் தொடர்ந்து ஜெயித்தவர். எழும்பூர் ரயில்வே ஆபீஸ் வேலை, சுருட்டை முடி, கோயில் பாடகர் குழுவில் முன்வரிசை என்பதெல்லாம் மற்றவர்கள் எனக்கு எடுத்துச் சொன்னவை. சுருட்டை முடியைப் பார்த்து மயங்க எனக்குப் பதினாறு வயதா என்ன? இருபத்தைந்து முடிந்திருந்தது. இரும்புலியூரில் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. தாம்பரத்திலிருந்து தினமும் சைக்கிளில் போய் வருகிறவள். முப்பத்தைந்து மைல் மிதித்து முதலில் வந்த மனிதன் வாழ்க்கையிலும் மூச்சு வாங்காமல் வருவான் என்று நினைத்தேன். அவ்வளவுதான் என் கணக்கு.

ஏரி சுற்று என்பது எங்கள் கோயில் வாலிபர் சங்கம் குடியரசு தினத்தன்று நடத்தும் சைக்கிள் பந்தயம். தாம்பரத்தில் கிளம்பி ஜி.எஸ்.டி. ரோட்டில் பீர்க்கன்காரணை ஏரி. வண்டலூரில் இடது பக்கம் திரும்பி, மலையடிவாரமாகவே போனால் மாம்பாக்கம் ஏரி. அப்புறம் கேளம்பாக்கத்து உப்பங்கழி. அது ஏரியே இல்லை என்று வருடா வருடம் யாராவது வாதம் பண்ணுவார்கள், சங்கம் கேட்காது. அங்கிருந்து மகாபலிபுரம் ரோட்டில் வடக்கே ஏறி, சோழிங்கநல்லூரில் திரும்பினால் பெரும்பாக்கம் ஏரி. கடைசியாகச் சேலையூர் ஏரி. மறுபடி கோயில் வாசல்.

வழியில் காவலுக்கு நிறுத்த சங்கத்தில் ஆள் கிடையாது. அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். போட்டியாளர் வெள்ளைச் சட்டை போட வேண்டும். ஒவ்வொரு ஏரியிலும் இறங்கி, சேற்றை எடுத்து, மார்பில் வரிசையாக ஒரு பூச்சு பூச வேண்டும். ஐந்து ஏரி, ஐந்து பூச்சு. பீர்க்கன்காரணை மண் சிவப்பு, மாம்பாக்கம் கறுப்பு என்று சங்கச் செயலாளர் ஞானஜோதி சாருக்கு அத்துப்படி. மூன்றாவது பூச்சை மட்டும் அவர் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பார். கரித்தால் கேளம்பாக்கம் போனதாக அர்த்தம். ஜெயித்தவருக்கு ஒரு கப் கொடுத்து, அவர் சட்டையைத் துவைக்காமல் சங்கக் கூடத்தில் ஆணியடித்து மாட்டுவார்கள், கீழே பெயரும் வருடமும் எழுதி. எட்மண்டின் சட்டைகள் இரண்டு அங்கே தொங்கின. நிச்சயதார்த்தத்துக்கு முன்னால் ஒரு சாக்குச் சொல்லிப் போய் அவற்றைப் பார்த்துவிட்டு வந்தேன் என்பதை இப்போது சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

எழுபதாம் வருடம் டிசம்பரில் நிச்சயம் நடந்தது. கேக் வெட்டி எல்லோரும் தின்றுகொண்டிருந்தபோது, எட்மண்டின் அம்மா மெட்டில்டா அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"கல்யாணத்துக்கு அப்புறம் சைக்கிளெல்லாம் வேண்டாம்மா. எங்க குடும்பத்துல பொம்பளைங்க சைக்கிள் ஓட்டறதில்லை. பார்க்கிறவங்க என்ன சொல்வாங்க?"

நான் எட்மண்டைப் பார்த்தேன். ஏரி சுற்று வீரர் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் கேக்கில் இருந்த திராட்சையை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்றார். என் அப்பா வேதசிரோமணி, ஒரு காகத்தை விரட்டக்கூட மனசு வராத மனுஷன், "அதுக்கென்னம்மா, பஸ் இருக்கே" என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. விட வேண்டுமென்றால் விடுகிறேன், ஆனால் அதற்கு முன்னால் ஒரு தடவை ஐந்து ஏரியையும் சுற்றிவிட்டுத்தான் விடுவேன் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். மறுநாள் சாயந்திரம் ஞானஜோதி சாரிடம் போய்ப் பெயர் கொடுத்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விதிமுறைத் தாளை இரண்டு பக்கமும் புரட்டினார்.

"ஆண்கள் மட்டும்னு எழுதலியே…" என்று முனகினார்.

"எழுதாம விட்டது உங்க தப்பு சார். என் பேரை எழுதுங்க."

எழுதினார். எழுதிவிட்டு, "மாப்பிள்ளையே ஓட்டறார், நீ எதுக்கும்மா?" என்றார். மாப்பிள்ளை சாப்பிட்டால் எனக்குப் பசி அடங்கிவிடுமா என்று கேட்டேன்.

அப்பாவின் பழைய சைக்கிளை ஸ்டேஷன் பக்கத்தில் கடை வைத்திருந்த சேட்டுவிடம் கொண்டுபோனேன். அவன் கேரியரையும் மட்கார்டையும் கழற்றிப் போட்டு, சக்கரத்தை நிமிர்த்திக் கொடுத்தான்.

"இன்னாக்கா, முப்பத்தஞ்சு மைலு. ட்யூபு தாங்கும், நீ தாங்குவியா?"

"நீ ட்யூபைப் பாரு சேட்டு. என்னை நான் பார்த்துக்கறேன்."

சாம்பல் நிறத் துணியில் ஒரு பைஜாமா தைத்தேன். மேலே அப்பாவின் வெள்ளைச் சட்டை. கேட்டபோது பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, "கிழிச்சுடாதே" என்றார்.

இதற்கிடையில் கோயிலில் எங்கள் ஓலை வாசிக்க ஆரம்பித்தார்கள். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பெயர்களை வாசித்து, யாருக்காவது தடை தெரிந்தால் சொல்லலாம் என்று போதகர் கேட்பது எங்கள் சபை வழக்கம். ஜனவரி பதினேழு முதல் ஓலை. இருபத்துநாலு இரண்டாவது. முப்பத்தொன்று மூன்றாவது. பந்தயம் நடுவில், செவ்வாய்க்கிழமை.

அன்று காலை ஆறு மணிக்குப் பதினான்கு பேர் நின்றோம். பதிமூன்று மீசை, ஒரு பின்னல். எட்மண்ட் எனக்கு அருகில் வந்து, "பீர்க்கன்காரணையோட திரும்பிடு. உடம்பைக் கெடுத்துக்காதே" என்று அன்பாகச் சொன்னார். ஞானஜோதி சார் விசில் ஊதினார்.

பனி விலகாத ரோட்டில் முதல் ஐந்து மைல் கும்பலாகப் போனோம். பீர்க்கன்காரணையில் நான் எட்டாவதாக இறங்கிச் செம்மண் பூசிக்கொண்டேன். வண்டலூரில் திரும்பியதும் கும்பல் கரைந்தது. இரண்டு பேருக்குப் பஞ்சர். இரண்டு பேர் டீக்கடையைப் பார்த்துவிட்டார்கள். வலது பக்கம் மலை, இடது பக்கம் வயல், ரோட்டில் மாட்டு வண்டி தவிர ஒன்றும் இல்லை. ஐப்பசி கார்த்திகை மழைத் தண்ணீர் இன்னும் வற்றவில்லை. எந்தப் பள்ளத்தைப் பார்த்தாலும் வானம் கிடந்தது. நான் ஒவ்வொருவராகத் தாண்டினேன். தாண்டப்பட்டவர்களின் முகத்தை நான் திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் பார்க்க ஆசையாக இருந்தது.

மாம்பாக்கம் ஏரிக்கரையில் கரிய சேற்றை அள்ளும்போது, அரை மைல் முன்னால் எட்மண்டின் முதுகு ஊருக்குள் நுழைவது தெரிந்தது. பல்லவரத்து சவுரிமுத்து, இரண்டு வருடமாக எட்மண்டுக்கு அடுத்ததாக வருகிற பெரிய உடம்புக்காரர், அப்போதுதான் கரைக்கு வந்து மூச்சிரைத்தபடி, "போ தங்கச்சி, போ, விடாதே" என்றார். நான் விடவில்லை. ஊரைத் தாண்டியதும் ரோடு கண்ணுக்கு எட்டிய வரை நேராகக் கிடந்தது. எட்மண்டைக் காணோம். இவ்வளவு வேகமா என்று எனக்குப் பிரமிப்பாக இருந்தது. பெருமையாகக்கூட இருந்தது, என் புத்தியைச் செருப்பால் அடிக்க.

கேளம்பாக்கத்தில் உப்பளம் ஓரமாக இறங்கினேன். அங்கே ஒரு அம்மாள் உப்புக் கூடையைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். சேற்றைப் பூசிக்கொண்டு நிமிர்ந்தபோது செம்பில் தண்ணீர் நீட்டினாள்.

"ஐயோ, பொம்பளப் புள்ளயா நீ! குடி, குடி. கன்னியம்மா தண்ணி குட்த்தான்னு நெனப்பு வெச்சுக்கோ. நீதாம்மா மொதோ. இன்னும் ஒரு சைக்கிளும் வர்ல."

"முன்னாடியே ஒருத்தர் போயிருப்பாரு, சுருட்டை முடி…"

"எங்க போனாரு? விடிஞ்சதுலருந்து இங்கதான் குந்திகினு கீறேன். வருசா வருசம் இத்தப் பாக்கறதுதான எனக்கு வேடிக்க. போன வருசம் ஒரு குண்டாளு மொதோ வந்தாரு. ரெண்டு செம்பு குட்ச்சாரு."

நின்று யோசிக்க நேரமில்லை. எட்மண்டுக்கு வழியில் பஞ்சர், நான் கவனிக்காமல் தாண்டி வந்திருக்கிறேன் என்று எடுத்துக்கொண்டேன். நான்தான் முதல்! அந்த நினைப்பு ஒன்றே போதுமாக இருந்தது. மகாபலிபுரம் ரோட்டில் வாடைக் காற்று முகத்தில் அறைந்தது. வாடா பார்க்கலாம் என்று காற்றோடு சத்தமாகவே சண்டை போட்டேன். நாவலூரில் ஒரு பெரியவர் மாட்டை ஓரம்கட்டி வழி விட்டார். பெரும்பாக்கத்தில் நாரைகள், சேலையூரில் வண்ணான் துறை, ஐந்து பூச்சு, ஒன்பதரை மணி. கோயில் வாசலுக்கு எழுந்து நின்று மிதித்துக்கொண்டு வந்தேன்.

வாசலில் எட்மண்ட் மாலையோடு உட்கார்ந்து சோடா குடித்துக்கொண்டிருந்தார்.

"வந்துட்டா பாரு! பொண்ணு மாப்பிள்ளைக்குப் பின்னாலயே வந்துடுச்சு!" என்று யாரோ கத்த, எல்லோரும் கை தட்டிச் சிரித்தார்கள். மெட்டில்டா அத்தைகூடச் சிரித்தார். ஞானஜோதி சார் என் மூன்றாவது பூச்சைத் தொட்டு நாக்கில் வைத்தார். உடனே "த்தூ" என்று துப்பினார்.

"என்னம்மா இது, பல்லுல நறநறங்குது?"

"சிப்பித் தூள் சார். கேளம்பாக்கம் சேறு பூரா சிப்பிதான்."

"எட்மண்டோடது சுத்தமா இருந்துச்சே. நல்ல உப்பு" என்றார், சமையலுக்குச் சொல்கிற மாதிரி.

இருபது நிமிடம் கழித்து சவுரிமுத்து வந்து சைக்கிளோடு சாய்ந்தார். "மாம்பாக்கம் தாண்டினா எட்மண்ட் சார் கண்ணுலயே பட மாட்டாரு. மூணு வருசமா பாக்கறேன். இன்னா ஸ்பீடு!" என்று மனசாரப் பாராட்டினார். அப்போதுதான் எனக்குக் கன்னியம்மாவின் குண்டாள் நினைவுக்கு வந்தார். மாம்பாக்கத்திலிருந்து பொன்மார் வழியாக, பெரும்பாக்கம் ஏரிக்குப் பக்கத்து மேடவாக்கத்துக்கு ஒரு குறுக்கு ரோடு போகிறது. அதில் வந்தால் கேளம்பாக்கமும் இல்லை, வாடைக் காற்றும் இல்லை. பாதி தூரம்கூட இல்லை.

எட்மண்டைக் கூடத்துக்குப் பின்னால் கூப்பிட்டேன்.

"நீங்க கேளம்பாக்கம் போகலை."

அவர் மறுக்கவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. அவர் சட்டைப் பையில் உப்புப் பொட்டலத்தின் காகிதம்கூட எட்டிப் பார்த்தது.

"மெதுவாப் பேசு ஹில்டா. முதல் வருஷம் நிஜமாவே கால் பிடிச்சுக்கிச்சு. அப்புறம் ஜெயிச்சவன் எப்படித் தோக்கறது, சொல்லு? கப் இப்ப எந்த வீட்டுக்கு வரப்போகுது? நம்ம வீட்டுக்குத்தானே?"

"சவுரிமுத்து வீட்டுக்குப் போக வேண்டியது ரெண்டு. என் வீட்டுக்கு ஒண்ணு."

"இதோ பாரு. நீ இதை விட்டுடு. கல்யாணத்துக்கு அப்புறம் நீ சைக்கிள் ஓட்டலாம். அம்மாகிட்ட நான் பேசறேன். போதுமா?"

கேக் தின்ற அன்றைக்குப் பேச வராத வாய் அது. என் வாயை அடைக்க மட்டும் அதற்குப் பேச்சு வந்துவிட்டது. என் காலால் நான் மிதிக்கிற சைக்கிளை எனக்கே லஞ்சமாகக் கொடுக்கிறார். அழுகை வந்தது, அவர் எதிரில் அழ மனமில்லாமல் வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் சங்கக் கூடத்துக்குப் போனேன். ஜன்னலோரம் சட்டைகள் வரிசையாகத் தொங்கின. அறுபத்தெட்டில் ஜெயித்த சம்பந்தத்தின் சட்டையில் மூன்றாவது பூச்சை நகத்தால் சுரண்டினேன். சின்னச் சின்னச் சிப்பிகள் உதிர்ந்தன. எட்மண்டின் மூன்று சட்டைகளிலும் ஒரு சிப்பி இல்லை. பெரும்பாக்கத்து மண்ணும் கடை உப்பும்தான். ஞானஜோதி சாரைக் கூட்டிவந்து காட்டினேன். அவருக்கு வேர்த்தது.

"உப்பு இருந்துச்சும்மா. நான் நாக்குல வெச்சுப் பார்த்தேனே."

"கடை உப்பு சார்."

"கட்டிக்கப்போற பையன் மேலேயே யாராவது புகார் குடுப்பாங்களா? சங்கத்துக்குக் கெட்ட பேரு. ஞாயித்துக்கிழமை மூணாவது ஓலை. பேசாம இரும்மா."

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் செருப்பை எடுத்து வாசல் ஓரமாக ஜோடி சேர்த்து வைத்தார். "ஞாயித்துக்கிழமை போகட்டும், அப்புறம் பேசிக்கலாம்" என்றார். ஞாயிற்றுக்கிழமை போய்விட்டால் அப்புறம் பேச என்ன இருக்கிறது? மூன்றாம் ஓலைக்குப் பிறகு எட்டாவது நாள் கல்யாணம். அதற்குப் பிறகு நான் வாழ்நாள் முழுக்க அந்த மூன்று சட்டைக்குக் கீழே உட்கார்ந்து மாப்பிள்ளை வீரத்தைப் பற்றி மற்றவர்கள் சொல்லக் கேட்க வேண்டும். சிரிக்கவும் வேண்டும்.

ஞாயிறு ஆராதனைக்கு நான் பைபிள் பையில், பந்தயத்தில் போட்டிருந்த என் சட்டையை மடித்து வைத்துக்கொண்டு போனேன். துவைக்கவில்லை. போதகர் ஐயா அறிவிப்புகளை வாசிக்க ஆரம்பித்தார். வேதசிரோமணி மகள் ஹில்டாவுக்கும் காலஞ்சென்ற தேவசகாயம் மகன் எட்மண்டுக்கும் நடக்கப்போகிற திருமணத்தை மூன்றாம் முறையாக அறிவித்து, தடை ஏதும் தெரிந்தவர்கள் இப்போதே சொல்லலாம் என்றார். அதற்கு யாரும் இதுவரை வாய் திறந்ததில்லை. அவரும் காத்திருப்பதில்லை. "இன்று மாலை ஐந்து மணிக்குப் பாடகர் குழு…" என்று அதே மூச்சில் போய்க்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியும் ஐயா" என்று எழுந்தேன்.

கோயிலே திரும்பியது. விசிறிகள் நின்றன. போதகர் ஐயா தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். மணப்பெண்ணே எழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அந்தத் தாளில் எழுதவில்லை.

"என்ன தடை அம்மா?"

"அவர் கேளம்பாக்கம் போகலை."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஐயா பொறுமையாகச் சொன்னார்: "கேளம்பாக்கம் போகாதது விவாகத்துக்குத் தடை ஆகாதே மகளே."

"நான் சம்மதிச்சது அஞ்சு ஏரியும் சுத்தி ஜெயிச்ச எட்மண்டுக்கு. அப்படி ஒரு ஆள் இல்லவே இல்லை ஐயா. இல்லாத ஆளுக்கு என்னை எப்படிக் கட்டி வைப்பீங்க?"

சட்டையை எடுத்து விரித்துப் பிடித்தேன். எட்மண்ட் பாடகர் வரிசையில் பாட்டுப் புத்தகத்தை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டார். மெட்டில்டா அத்தை, "மானம் போச்சு, உட்காருடி" என்றார். நான் உட்காரவில்லை.

ஞானஜோதி சார் எழுந்து வந்தார். அவர் என்னைத் திட்டத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவர் என் சட்டையின் மூன்றாவது பூச்சிலிருந்து ஒரு துளி பிய்த்து வாயில் போட்டார். இந்தத் தடவை நாக்கில் வைக்கவில்லை, கடித்தார். அந்த நிசப்தத்தில் 'நறுக்' என்று முன்வரிசை வரை கேட்டது. பிறகு பாடகர் வரிசையைத் திரும்பிப் பார்த்து, "எட்மண்ட், உன் சட்டையை எடுத்துட்டு வந்து இங்க வெச்சு நான் கடிச்சுப் பார்க்கட்டுமா?" என்று கேட்டார். பாட்டுப் புத்தகம் கீழே இறங்கவே இல்லை.

"ஓலை நிறுத்தப்படுகிறது" என்றார் போதகர் ஐயா. அப்புறம் பழக்கதோஷத்தில் பாடகர் குழுப் பயிற்சியையும் அறிவித்தார்.

சங்கம் அன்று மாலையே கூடியது. எட்மண்டின் மூன்று சட்டைகளையும் கழற்றினார்கள். அறுபத்தொன்பதிலும் எழுபதிலும் சவுரிமுத்து பெயரை எழுதினார்கள். எழுபத்தொன்றுக்கு மட்டும் ஒரு பெண்ணின் சட்டையை வாலிபர் சங்கச் சுவரில் எப்படி மாட்டுவது என்று இழுத்தார்கள். இந்த வருடம் வெற்றியாளர் இல்லை என்று போட்டுவிடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார்.

நான் அவர்கள் முடிவுக்குக் காத்திருக்கவில்லை. சேட்டு கடையில் சுத்தியலும் ஆணியும் வாங்கிக்கொண்டு போய்க் கூட்டத்துக்கு நடுவே ஸ்டூலைப் போட்டேன். ஸ்டூல் ஆடியது. யாரோ வந்து அதன் காலைப் பிடித்துக்கொண்டார்கள். குனிந்து பார்த்தால் அப்பா.

"அது பொம்பளை சட்டை இல்லைங்க. என் சட்டை" என்றார் சங்கத்தாரைப் பார்த்து. பிறகு என்னிடம், "நல்லா ஆழமா அடி" என்றார்.

அடித்தேன். கீழே 'ஹில்டா, 1971' என்று நானே எழுதினேன். இன்றைக்கு ஐந்து வருடம் ஆகிறது. நான் இன்னும் சைக்கிளில்தான் இரும்புலியூர் போகிறேன். அந்தச் சட்டையைக் கழற்ற வேண்டும் என்று அவ்வப்போது யாராவது பேச்செடுக்கிறார்களாம். தாராளமாகக் கழற்றட்டும். முதலில் கேளம்பாக்கம் போய்விட்டு வரட்டும்.